முப்பத்தைந்தாம் கிலோமீட்டருக்கு ஒரு நடை

இந்தியாவின் தென்கோடி எது என்று வினவினால், கன்னியாகுமரி என்றே பலரும் விடையிறுப்பர். பெருநிலப்பரப்பை மட்டும் கருதினால் அவ்விடை சரியே. ஆயினும் வரைபடத்தில் வங்கக் கடலின் கீழ்த்திசையை நோக்குவோர், அறுந்த மணிமாலைபோல் வடக்கு தெற்காகத் தீவுகள் சிதறிக் கிடத்தலைக் காண்பர். அம்மாலையின் கடைசிப் பெருமணி பெரிய நிக்கோபார். அத்தீவின் தென்முனையாகிய இந்திரா முனை, கன்னியாகுமரியினும் ஒரு பாகைக்கு மேல் தெற்கே உள்ளது. அங்கிருந்து இந்தோனேசியாவின் சுமத்திராத் தீவு மிகத் தொலைவில் இல்லை. தீவின் தலைமை ஊரான காம்பெல் பேயிலிருந்து போர்ட் பிளேருக்கோ 500 கிலோமீட்டருக்கு மேல். கப்பலில் இரண்டு மூன்று நாள் செல்லும். 2024ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ள அந்தப் போர்ட் பிளேரைத் தீவுமக்கள் இன்றும் பழம்பெயராலேயே வழங்குகின்றனர்.

பெரிய நிக்கோபாரின் தொல்குடியினர் இருவர். அடர்காட்டின் உட்பகுதியில் வாழ்பவர் சோம்பேன் மக்கள். கடலோரத்தில் வாழ்பவர் நிக்கோபாரியர். 1969ஆம் ஆண்டு தொடங்கி, இந்திய அரசு அத்தீவின் கிழக்குக் கரையில் முன்னாள் படைவீரர்களைக் குடியேற்றியது. பஞ்சாப், மகாராட்டிரம், கேரளம், ஆந்திரம், தமிழ்நாடு முதலிய மாநிலங்களிலிருந்து முந்நூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் வந்தன. போர்க்களத்தில் துப்பாக்கி ஏந்திய கைகள் கோடரியும் மண்வெட்டியும் ஏந்தின. காடு திருத்தப்பட்டது, தென்னை, கமுகு, முந்திரி ஆகியவை நடப்பட்டன, தாழ்நிலத்தில் நெல் விளைந்தது. பல மொழியினர் ஒரே தெருவில் வாழ்ந்தமையால் இந்தி பொதுமொழியாயிற்று. தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் வீட்டில் தமிழும் வீதியில் இந்தியும் பேசி வளர்ந்தனர்.

காம்பெல் பேயிலிருந்து தெற்கே இந்திரா முனை வரை 51 கிலோமீட்டர் நீளமுள்ள வடக்கு தெற்குச் சாலையை எல்லைச் சாலைகள் நிறுவனம் அமைத்தது. அதன் ஓரத்தில் கோவிந்த் நகர், ஜோகிந்தர் நகர், விஜய் நகர், லட்சுமி நகர், காந்தி நகர், சாஸ்திரி நகர் எனக் குடியேற்ற ஊர்கள் வரிசையாக எழுந்தன. ஊர்ப்பெயர்கள் இருப்பினும், தொலைவுக் கல்லின் எண்ணைச் சொல்லி ஊரைக் குறிப்பதே மக்களின் வழக்கம். சாஸ்திரி நகர் ‘முப்பத்தைந்து கிலோமீட்டர்’ ஆயிற்று. ஓர் ஊரை எண்ணால் அழைப்பது கேட்போர்க்கு வறட்சியாகத் தோன்றலாம். ஆனால் அந்த எண் ஒவ்வொன்றும் காட்டிலிருந்து மீட்டெடுத்த தொலைவு.

2004 திசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 6 மணி 29 நிமிடத்திற்குச் சுமத்திராவின் வடமேற்கே கடலடியில் பெருநிலநடுக்கம் நேர்ந்தது. அதன் அளவு 9.1. நடுக்கம் தொடங்கிய இடத்திற்கு இந்தியாவின் பிற பகுதிகளைவிட மிக அண்மையில் இருந்தது பெரிய நிக்கோபார். சிறிது நேரத்திற்குள் ஆழிப்பேரலைகள் கிழக்குக் கரையின் ஊர்களை வாரிக்கொண்டன. கடலை ஒட்டியே சென்ற சாலை பல இடங்களில் இருந்த சுவடே தெரியாமல் போயிற்று. கலாத்தியா ஆற்றின் குறுக்கே இருந்த பாலம் அழிந்தது. தொலைவிலிருந்த காந்தி நகர், சாஸ்திரி நகர் ஆகிய ஊர்களில் உயிர் பிழைத்தோர் பலர் காட்டின் மேட்டுப்பகுதி வழியாக நடந்தே காம்பெல் பே வந்தடைந்தனர். அவர்கள் முதலில் முகாம்களிலும், பின்னர் தகரக் கொட்டகைகளிலும், பல ஆண்டுகளுக்குப் பின் காம்பெல் பேயிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் கட்டப்பட்ட நிலையான வீடுகளிலும் குடியமர்த்தப்பட்டனர்.

அலை வந்து மீண்டதோடு செய்தி முடியவில்லை. நிலமே தாழ்ந்துவிட்டது. இந்திரா முனையில் தரை நான்கு மீட்டருக்கு மேல் அமிழ்ந்தது. 1972ஆம் ஆண்டு முதல் ஒளி வீசிய கலங்கரை விளக்கத்தின் அடியைக் கடல்நீர் சூழ்ந்தது. இதற்கு நேர்மாறாக, அதே நாளில் வட அந்தமானின் மேற்குக் கரையில் நிலம் மேலெழுந்து பவளப் பாறைகள் வெயிலில் காய்ந்தன. ஒரே நடுக்கம் ஓரிடத்தை உயர்த்தி மற்றோரிடத்தைத் தாழ்த்தியது எவ்வாறு? இந்தியப் புவித்தட்டு, தீவுகள் அமர்ந்துள்ள தட்டின் அடியில் மிக மெதுவாகச் செருகிக்கொண்டே செல்கிறது. இரு தட்டுகளும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும்போது மேல்தட்டின் விளிம்பு கீழே இழுக்கப்படும். விளிம்புக்குப் பின்னுள்ள பகுதி சற்றே புடைக்கும். சிக்கல் அறுபடும் நொடியில் விளிம்பு துள்ளி எழும். புடைத்திருந்த பின்பகுதி அமுங்கும். மேசை விளிம்பில் வளைத்துப் பிடித்த அளவுகோலை விட்டவுடன் அது துள்ளுவதை ஒத்தது இது. விளிம்புக்கு அருகிலிருந்த நிலம் உயர்ந்தது. விலகியிருந்த பெரிய நிக்கோபார் தாழ்ந்தது.

நிலம் தாழவே, கடல் உள்ளே வந்தது. நெல் விளைந்த தாழ்நிலங்கள் உப்பங்கழிகளாயின. வாய்க்கால்கள் ஓதம் ஏறி இறங்கும் கழிகளாயின. அன்று முதல், சாலை மீண்டும் போடப்படும் வரை, சாஸ்திரி நகரில் எஞ்சிய தோப்பைப் பார்க்க விரும்பியவர்க்கு இரண்டே வழிகள் இருந்தன. ஒன்று, ‘டிங்கி’ எனப்படும் சிறு இயந்திரப் படகு. மற்றொன்று கால்நடை. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் படகு செல்லாது. எனவே சேற்று வழியே வழி.

அந்நடை சூரியனைப் பார்த்துத் தொடங்குவதன்று. நிலவைப் பார்த்துத் தொடங்குவது. கழிகளைக் கடப்பதற்கு ஓதம் வற்றியிருத்தல் வேண்டும். கடல்நீர் ஒரு நாளில் இருமுறை ஏறும், இருமுறை வற்றும். ஓர் ஏற்றத்திற்கும் அடுத்த வற்றத்திற்கும் இடையே ஆறு மணி நேரத்திற்குச் சற்று மிகுதியாகும். ஆகவே ஒவ்வொரு நாளும் வற்றும் நேரம் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தும். இன்று காலை 7 மணிக்கு நீர் வற்றினால், நாளை 7.50க்கும், மறுநாள் 8.40க்கும் வற்றும். அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியை ஒட்டியும் நீர் மிக உயர்ந்து ஏறி, மிகத் தாழ்ந்து வற்றும். அந்நாட்களில் கழியைக் கடப்பது எளிது. ஆனால் நேரம் தவறியவன் மறுகரையில் பல மணி நேரம் காத்திருக்க வேண்டியதுதான். கைக்கடிகாரம் இல்லாத முதியவர்கூடப் பிறையின் வடிவைக் கண்டு இக்கணக்கைச் சொல்லிவிடுவார்.

தார்ச்சாலை எஞ்சியுள்ள இடம் வரை வண்டியில் சென்று, அதன்பின் நடப்போர் இறங்குவர். அரிசி, உப்பு, தீப்பெட்டி, வெட்டுகத்தி, குடிநீர் ஆகியவற்றை நெகிழிப் பையில் கட்டி முதுகில் சுமப்பர். கையில் ஓர் ஆள் உயரக் கோல் இருக்கும். தனியே எவரும் செல்வதில்லை.

முதற்பகுதி கடற்கரை. அங்கே பழைய சாலையின் துண்டுகள் மணலிலிருந்து கரிய பலகைகள்போல் நீட்டிக்கொண்டிருக்கும். உப்புநீர் ஏறி மாண்ட மரங்கள் இலையின்றி வெண்மையாக நிற்கும். பல வீழ்ந்து குறுக்கே கிடக்கும். ஒரு மரத்தின் மேல் ஏறி இறங்குவதும், அடுத்ததன் அடியில் குனிந்து நுழைவதுமாகவே ஒரு கிலோமீட்டரைக் கடக்க நெடுநேரம் ஆகும். புன்னையும் பூவரசும் தாழையும் மட்டும் புதிய கரையில் மறுபடியும் வேரூன்றத் தொடங்கியிருக்கும். நிக்கோபாரியர் தாழம்பழத்தை வேகவைத்து மாவாக்கி உணவாகக் கொள்வர் என்பதை அறிந்தால், தமிழ்ப் பிள்ளைகள் வியப்படைவர்; தமிழகத்தில் தாழை மணத்திற்காகவே அறியப்பட்டது.

அடுத்து வருவது கழிமுகம். இங்கேதான் சேறு தன் இயல்பைக் காட்டும்.

தமிழில் சேற்றுக்குப் பெயர்கள் பல. அவை யாவும் ஒரே பொருளைக் குறிப்பனவல்ல. மண்ணும் நீரும் குழைந்தது எதுவும் சேறு. பலர் நடந்து மிதித்துக் கலங்கிய தெருச்சேறு சகதி. நாற்று நடுவதற்காக உழுது குழைத்த வயலின் நீர்த்த சேறு தொளி. வெள்ளம் வடிந்தபின் படியும் மென்மண் வண்டல். காலை உள்ளே இழுத்துக்கொள்ளும் ஆழச்சேறு உளை. அதனையே அள்ளல் என்றும் அளறு என்றும் கூறுவர். வேளாண்மை செய்த முதல் தலைமுறையினர், அடியெடுத்து வைக்குமுன் மண்ணைப் பார்த்தே, ‘இது வண்டல், நடக்கலாம், அது உளை, விலகு’ என்று பகுத்துச் சொல்ல வல்லவர். பள்ளியில் ‘கீச்சட்’ என்னும் ஒரே இந்திச் சொல்லை மட்டும் கற்ற பிள்ளைக்கு இரண்டும் ஒன்றே. கழிமுகத்தில் அவ்வேறுபாட்டை அறியாமை முழங்கால் வரை புதைவதில் முடியும்.

கழிச்சேறு கருநிறமானது, அழுகிய முட்டையின் நாற்றம் உடையது. காற்றுப் புகாத சேற்றினுள் வாழும் நுண்ணுயிர்கள் மட்கும் இலைதழைகளைச் சிதைக்கும்போது வெளிவிடும் ஒருவகை வளியே அந்நாற்றத்திற்குக் காரணம். அதில் புதைந்த காலை விரைந்து இழுத்தால், காலின் அடியில் வெற்றிடம் உண்டாகும். மேலிருந்து காற்று அழுத்தும். சேறு இன்னும் இறுகப் பற்றும். எனவே பழகியவர் காலை இழுப்பதில்லை. குதிகாலை மெல்ல அசைத்து, பக்கவாட்டில் நீர் புக இடந்தந்து, விரல்களைக் கீழ்நோக்கி மடக்கிச் சரித்து எடுப்பர். முழங்கால் வரை நீண்ட ரப்பர் காலணி அணிந்து வந்தவர், காலை மட்டும் மீட்டுக்கொண்டு காலணியைச் சேற்றிற்குக் காணிக்கையாக விட்டுச் செல்வதும் உண்டு. வெறுங்காலே நலம் எனச் சிலர் கருதுவர். ஆனால் சேற்றினுள் சிப்பி ஓடுகளும், ஒடிந்த மரத்தின் கூர்முனைகளும், அடித்துச் செல்லப்பட்ட வீடுகளின் தகரத் துண்டுகளும் மறைந்திருக்கும். கோலால் தட்டிப் பார்த்து, முன்செல்பவரின் அடிச்சுவட்டிலேயே பின்வருபவர் அடிவைப்பது அதனால்தான்.

சேற்றினும் அஞ்சத்தக்கது ஒன்று உண்டு. உப்புநீர் முதலை. நிலம் தாழ்ந்து புதிய கழிகள் உண்டானமையால், அதற்கு வாழிடமும் விரிந்தது. அந்திப்பொழுதிலும் இரவிலும் கழியைக் கடப்பதில்லை. நீரின் விளிம்பில் அமர்ந்து சேற்றைக் கழுவுவதும் இல்லை. இவ்வழியில் எழுதப்படாத சட்டங்கள் இவை.

கடல் மலையடி வரை வந்துவிட்ட இடங்களில் கரையே இராது. அங்கே காட்டினுள் ஏறிச் செல்ல வேண்டும். ஆண்டின் பெரும்பகுதியும் மழை பெய்யும் தீவாதலால், காட்டுத் தடம் களிமண் வழுக்கலாக இருக்கும். இச்சேறு காலைப் பற்றுவதில்லை, தள்ளிவிடும். ஏறும்போது வேர்களைப் பிடித்து ஏறுவர். இறங்கும்போது அமர்ந்தே சறுக்குவாரும் உளர். வயது முதிர்ந்த படைவீரர் ஒருவர் அவ்வாறு சறுக்கி இறங்குவதைக் கண்டு நகைப்பவர், அடுத்த சரிவில் தாமும் அவ்வாறே இறங்குவர்.

இக்காட்டில்தான் நிக்கோபார் மெகபோட் என்னும் பறவை வாழ்கிறது. கோழியளவே உள்ள இப்பறவை, மணலையும் இலைச்சருகையும் காலால் வாரிக் குவித்து, ஆளின் இடுப்பளவுக்கும் மேடு எழுப்பும். முட்டைகளை அம்மேட்டினுள் புதைத்துவிட்டு அகன்றுவிடும், அடைகாப்பதில்லை. மட்கும் சருகின் வெப்பமே முட்டையைப் பொரிக்கும். வெளிவரும் குஞ்சு தாயை அறியாமலே தன் இரையைத் தானே தேடிக்கொள்ளும். மேடுகள் பெரும்பாலும் கடற்கரையை ஒட்டியே இருந்தமையால் ஆழிப்பேரலை அவற்றுள் மிகப் பலவற்றை அழித்தது. நடப்போர் புதிய மேடு ஒன்றைக் கண்டால் சுற்றிக்கொண்டு செல்வர். தீவின் நீண்டவால் குரங்குகளைப் பற்றி அவர்களுக்கு அத்தகைய கனிவு இல்லை. தோப்புகளில் இளநீரைப் பறித்து வீணாக்குவதில் அக்குரங்குகள் வல்லவை.

நடையின் முடிவில் சாஸ்திரி நகர். ஊர் என்று சொல்லத்தக்க யாதும் அங்கே எஞ்சவில்லை. சுவர்கள் போய் வீடுகளின் அடித்தளங்கள் புல்லினுள் கிடந்தன. வாசற்படிகள் எங்கும் ஏற்றிவிடாமல் நின்றன. கடலை நோக்கிய தென்னைகள் மாண்டன. மேட்டுநிலத்துத் தென்னைகளும் கமுகுகளும் மட்டும் ஆளின்றியே காய்த்தன. வந்தவர்கள் முதலில் செய்வது, புதர் வெட்டி எல்லைக்கல்லைத் தேடுவது. பின்னர் வீழ்ந்த காய்களைக் குவிப்பர். உரித்து, உடைத்து, காயவைத்துக் கொப்பரையாக்குவர். முழுக் காயைச் சுமப்பதைவிடக் கொப்பரையைச் சுமப்பது எளிது. ஆயினும் ஒரு மூட்டைக் கொப்பரையைத் தோளில் ஏற்றி, வந்த சேற்றிலேயே மீண்டும் நடந்து, கடையில் விற்றால் கிடைக்கும் தொகை, பட்ட பாட்டிற்கு ஈடாவதில்லை.

அவ்வாறாயின் எதற்காகச் சென்றனர்? இவ்வினாவிற்கு ஒரே வீட்டிற்குள்ளும் ஒரே விடை இருந்ததில்லை. நிலத்திற்குப் பட்டா உண்டு. ஆள் போகாத நிலம் காட்டுக்குள் மறைந்துவிடும் என்பது பெரியவர்களின் வாதம். அவர்கள் வாய்விட்டுச் சொல்லாத மற்றொரு காரணமும் உண்டு. அலை கொண்டுபோனவர்களுள் பலரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. அவர்கள் இறுதியாக நின்ற இடம் அந்த வாசற்படிதான். காம்பெல் பேயில் பிறந்து, அங்கேயே பள்ளிக்குச் செல்லும் இளையோருக்கோ, மருத்துவமனையும் கடைவீதியும் கப்பல்துறையும் உள்ள ஊரைவிட்டு உப்பங்கழிக்கு அருகே மீண்டும் குடியேறுவது பொருளற்றதாகத் தோன்றும். ‘கடலுக்கு அருகே ஒருமுறை இழந்தது போதாதா?’ என்று அவர்கள் கேட்டால், பெரியவர்களிடம் விடை இல்லை. ‘காட்டை வெட்டி நிலமாக்கியது யார்?’ என்று பெரியவர்கள் கேட்டால், இளையோரிடமும் விடை இல்லை. மேற்குக் கரையிலும் தென்கரையிலும் வாழ்ந்து, அலைக்குப் பின் காம்பெல் பேயின் ராஜீவ் நகர் முதலிய இடங்களுக்குக் கொண்டுவரப்பட்ட நிக்கோபாரியரோ இதில் தெளிவாக இருந்தனர். தங்கள் பழைய ஊர்களுக்கே திரும்ப விரும்பினர். அவர்களுக்கு அந்நிலம் ஒரு தலைமுறையில் திருத்தியதன்று. முன்னோர் வழிவழி வாழ்ந்தது.

சாலை பின்னர்ச் சிறிது சிறிதாகத் தெற்கு நோக்கி மீண்டது. 2022ஆம் ஆண்டில், சாஸ்திரி நகருக்குத் தெற்கே, தோல்முதுகு ஆமைகள் முட்டையிடும் கலாத்தியா விரிகுடாவில் பெரிய சரக்குத் துறைமுகம் அமைக்கும் திட்டத்திற்குச் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. விமான நிலையமும் நகரமும் அத்திட்டத்தில் அடங்கும். ஆள் நடமாட்டமற்றுக் கிடந்த கிழக்குக் கரையின் நிலம் மீண்டும் பேச்சுக்குரியதாயிற்று. எல்லைக்கல்லைத் தேடிச் சேற்றில் நடந்த முதியவர்களின் பழைய வழக்கிற்கு இது புதிய பொருளைத் தந்தது.

தோப்பில் இரண்டு மூன்று இரவுகள் தங்கியபின் நடப்போர் திரும்புவர். முதல்நாள் இரவே பிறையைப் பார்த்து நேரம் குறித்துக்கொள்வர். மூட்டையின் கனத்தால் திரும்பும்போது கால் இன்னும் ஆழமாகப் புதையும். வரும்போது இட்ட அடிச்சுவடுகளை ஓதம் அழித்திருக்கும். எனவே முன்செல்பவர் மறுபடியும் கோலை ஊன்றி, வண்டல் எது, உளை எது என்று பார்த்தே அடிவைப்பார்.

பயிற்சி

1. ஒரு நாள் காலை 6.30 மணிக்கு ஓதம் வற்றுகிறது. நான்காம் நாள் காலை எப்போது வற்றும்? கணக்கிட்டு எழுதுக.

2. தொளி, சகதி, வண்டல், உளை ஆகிய சொற்களின் வேறுபாட்டை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டறிந்து, ஒவ்வொன்றையும் ஒரு சொற்றொடரில் அமைக்க. அவர்களின் ஊரில் சேற்றுக்கு வழங்கும் வேறு சொல் உண்டாயின் அதனையும் சேர்க்க.

3. வட அந்தமானில் நிலம் உயர்ந்ததும் பெரிய நிக்கோபாரில் தாழ்ந்ததும் எவ்வாறு? அளவுகோலைக் கொண்டு வகுப்பில் செய்துகாட்டுக.

4. பழைய நிலத்திற்குத் திரும்புதல் குறித்துப் பாட்டியும் பேரனும் உரையாடுவதாகப் பத்து வரிகள் எழுதுக. இருவர் கூற்றிலும் நியாயம் இருத்தல் வேண்டும்.